பெர்மிட்டின் பின்பக்கம் வெறுமையாக இருக்கக் கூடாது

குச்சவெளிப் பக்கத்து ஊர்களில் மரண உதவிச் சங்கத்துக்குச் சந்தா கட்டாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கடல் படாத மாதத்திலும் அந்தக் காசை மட்டும் யாரும் தட்டிக் கழிப்பதில்லை. பந்தலுக்கும் கதிரைக்கும் கடைசிப் பயணச் செலவுக்கும் யாரிடமும் கையேந்தக் கூடாது என்ற ரோசம் நம்மவர்களுக்கு உண்டு. அதே வீட்டில், காணி யாருக்கு என்று எழுதியாயிற்றா என்று கேட்டுப் பாருங்கள். “அதைப் பிறகு பாப்பம்” என்பார்கள்.

அந்தப் பிறகு, முப்பத்தோராம் நாளோ நாற்பதாம் நாளோ கழிந்ததும் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவு மேசைக்கு வந்து சேருகிறது. பொலித்தீன் பைக்குள் நாலாக மடித்த அரச காணிப் பெர்மிட், மடிப்பெல்லாம் இற்றுப்போயிருக்கும், 2004 டிசம்பர் 26 சுனாமியின் உப்புத் தண்ணீர்க் கறை ஓரத்தில் இருக்கும். உத்தியோகத்தர் தாளைத் திருப்புகிறார். பின்னுரித்தாளரின், அதாவது அடுத்துக் காணியைப் பெறுபவரின், பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. மேசைக்கு முன்னால் நிற்கிற சகோதரங்கள் அந்த நிமிடத்திலிருந்துதான் ஒருவரை ஒருவர் வேறு கண்ணால் பார்க்கத் தொடங்குகிறார்கள்.

மரண சாசனம் வசதி படைத்தவர்களின் விசயம் என்ற நினைப்பு முதலில் ஒழிய வேண்டும். பத்துக் காணி உள்ளவனின் பிள்ளைகள் வழக்காடித் தோற்றாலும் பிழைத்துக் கொள்வார்கள். அரை ஏக்கர் மேட்டு நிலமும் ஒரு வீடும் மட்டுமே உள்ள குடும்பத்துக்கு ஒரு கையெழுத்தின் குறை என்பது தெருவில் நிற்பதற்குச் சமம். எனவே சொல்கிறோம்: சுகமாக இருக்கும்போதே எழுதுங்கள். எந்தக் காணிக்கு எந்தத் தாள் என்பதை அறிந்து எழுதுங்கள்.

இந்த வேறுபாடு தெரியாமல்தான் பலர் ஏமாறுகிறார்கள். 1935-ஆம் ஆண்டின் 19-ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பெர்மிட்டாகவோ அளிப்பாகவோ கிடைத்த அரச காணியை மரண சாசனத்தால் விரும்பிய எவருக்கும் கொடுத்துவிட முடியாது. அங்கே பாதுகாப்பான வழி இதுதான்: பிரதேச செயலகத்துக்குப் போய், சட்டம் அடுக்கியுள்ள உறவுகளுக்குள் ஒருவரைப் பின்னுரித்தாளராகப் பெயர் குறிக்க வேண்டும். அளிப்புக் காணியானால் அந்த நியமனம் காணிப் பதிவகத்தில், உரிமையாளர் உயிரோடு இருக்கும்போதே பதியப்பட வேண்டும். பெயர் குறிக்காமல் கண்ணை மூடினால், துணைக்கு ஆயுள் வரை அனுபவிக்கும் உரித்து உண்டு. கைமாற்றும் உரித்து இல்லை. அதன் பிறகு சட்டத்தின் அட்டவணைப்படி ஒருவருக்கே காணி போகும். முன்பு அதில் மகனுக்குப் பின்தான் மகள். 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தப் பேதத்தை நீக்கியது, நல்லது. ஆனால் மூத்தவருக்கே முதலிடம் என்பது மாறவில்லை. படுக்கையில் கிடந்த தாயைக் கழுவித் துடைத்தவள் கடைக்குட்டி மகளாக இருந்தால், சட்டத்துக்கு அது தெரியாது. தாய்தான் எழுதித் தெரிவித்திருக்க வேண்டும்.

உறுதிக் காணிக்கு வழி வேறு. 1840-ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் ஒரே நேரத்தில் கையொப்பமிட்டால் மரண சாசனம் செல்லும். நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள் ஒன்றாக இருக்க வேண்டும். எழுதாமல் போனால், முஸ்லிம்களுக்கு 1931-ஆம் ஆண்டின் 10-ஆம் இலக்கச் சட்டம் வழியாக மார்க்கப்படியான பங்கு. தேசவழமை வடமாகாணத் தமிழருக்கானது. இங்குள்ள தமிழருக்குப் பொதுச் சட்டப்படி துணைக்குப் பாதி, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக.

சமப் பங்கு நியாயமாகத்தானே தெரிகிறது என்பீர்கள். ஆனால் நம் கரையில் வீடு பெண்ணுக்கு என்பது வழக்கம். கலியாணப் பேச்சில் வாயால் கொடுத்த வளவில் மகளும் மருமகனும் கல்வீடு கட்டுகிறார்கள். சீதன உறுதி மட்டும் எழுதப்படுவதில்லை. தகப்பன் போனபின் அந்த வளவு எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது. வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் கையொப்பம் வைக்காத வரை அந்தப் பெண் தன் வீட்டை அடகு வைத்து வங்கியில் கடன்கூட எடுக்க முடியாது. சபையறியக் கொடுத்த வாக்கு பொய்யாவது இப்படித்தான்.

“எழுதிக் கொடுத்தால் பிள்ளைகள் சோறு போடமாட்டார்கள்” என்ற பயத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. அந்தப் பயம் நன்கொடை உறுதிக்குப் பொருந்தும். மரண சாசனம் சாகும் வரை எதையும் கைமாற்றாது. மனம் மாறினால் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதலாம். பின்னுரித்தாளர் நியமனத்தையும் மாற்றலாம். எழுதினால் சாவு வந்துவிடும் என்பவர்களுக்கு ஒன்று சொல்வோம்: வஸிய்யத்தை (மரண சாசனத்தை) எழுதி வைக்காமல் இரவுகளைக் கடத்தாதே என்பது இஸ்லாத்தின் போதனை. இறப்பை நினைத்து ஒழுங்கு செய்வது நம் இரு சமூகத்துக்கும் அபசகுனம் அல்ல.

சாவு சொல்லிக்கொண்டு வராது என்பதை வேறெவரையும்விட நாம் அறிவோம். போரில் 1984-இல் தென்னமரவாடியும் 1985-இல் திரியாயும் வெறுமையாயின. போட்டது போட்டபடி ஓடியவர்கள் கால் நூற்றாண்டு கழித்துத் திரும்பியபோது, காணி தங்களுடையது என்று காட்ட ஒரு தாள் இல்லாமல் அலைந்தார்கள். இடையில் கடலும் வந்தது. இவ்வளவும் பட்ட ஊர், தாளின் அருமையை மறக்கலாமா?

உடலைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். குச்சவெளியிலிருந்து திருகோணமலை ஆஸ்பத்திரி 30 கிலோமீற்றருக்கு அப்பால். அங்கே நள்ளிரவில் ஒரு மகளிடம், செயற்கைச் சுவாசத்தைத் தொடர்வதா, வீட்டுக்குக் கொண்டுபோவதா என்று கேட்கப்படுகிறது. எந்தப் பதில் சொன்னாலும் அவள் காலம் முழுக்க அதைச் சுமப்பாள். இந்தியாவில் 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் இதற்கான முன்விருப்ப ஆவணத்தை ஏற்றது; 2023-இல் அதன் நடைமுறையை எளிதாக்கியது. இலங்கையில் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. நாடாளுமன்றம் இதைக் கையிலெடுக்க வேண்டும். அதுவரை, தனக்கு என்ன வேண்டும், என்ன வேண்டாம், தனக்காக யார் பேசுவது என்று ஒரு பக்கத்தில் எழுதிக் குடும்பத்தின் கையில் கொடுப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

குச்சவெளிப் பிரதேச செயலகத்திடம் நாம் கேட்பது பெரிதல்ல. புல்மோட்டையிலும் திரியாயிலும் கும்புறுப்பிட்டியிலும் இறக்கக்கண்டியிலும் பின்னுரித்தாளர் நியமனத்துக்கென்றே நடமாடும் சேவை நடத்துங்கள். படிவம் தமிழில் இருக்கட்டும். தடி ஊன்றி வருபவரை மூன்று முறை அலைக்கழிக்காதீர்கள். பள்ளிவாசல் நிர்வாகங்களும் கோயில் பரிபாலன சபைகளும் நொத்தாரிசு ஒருவரை அழைத்து ஒருநாள் உட்கார வைக்கலாம். மரண உதவிச் சங்கங்கள் சந்தாக் கொப்பியில் ஒரு கட்டம் கூட்டினால் போதும்: பின்னுரித்தாளர் பெயர் குறித்தாயிற்றா?

இன்றைக்கே பெட்டியைத் திறந்து பெர்மிட்டைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் வெறுமையாக இருந்தால், பிள்ளைகளைக் கூப்பிட்டு இருத்திப் பேசுங்கள். அவர்கள் நடுவில் நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது மட்டுமே அந்தப் பேச்சு சண்டையாகாமல் முடியும்.