முக்கொம்பில் உடைந்த ஒன்பது மதகுகள்

2018 ஆகஸ்ட் 22 இரவு திருச்சி அருகே முக்கொம்பு மேலணையில் கொள்ளிடம் பக்கத்து மதகுகள் ஒன்பது இடிந்து ஆற்றோடு போயின. அதற்குச் சில நாள் முன்னால்தான் திருவானைக்காவலையும் நம்பர் ஒன் டோல்கேட்டையும் இணைத்த பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்திருந்தன. 1928இல் கட்டிய பாலம் அது. "மணலை அள்ளி அள்ளி ஆத்தையே பள்ளமாக்கிட்டானுங்க, பின்ன என்ன ஆகும்?" என்று ஊர் பேசியது. படித்தவர்கள் கூடிய இடங்களில் பேச்சு வேறு மாதிரி இருந்தது: அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது, 1836இல் ஆர்தர் காட்டன் கட்டியது, 182 வயதாகிவிட்டது, பல வருடம் கழித்து மேட்டூர் அணை நிரம்பி வந்த பெருவெள்ளம், பருவமும் முன்போல் இல்லை. அன்றைய முதலமைச்சரும் மணல் காரணமில்லை என்று மறுத்தார்.

இவற்றில் எதையும் நாம் தள்ளவில்லை. ஆனால் காரணங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கை, கடைசியில் யாரையும் சுட்டாமல் மடங்கிக்கொண்டதே, அதைத்தான் கேட்கிறோம். கட்டுமானத்துக்கு வயதாகிவிட்டது என்றால் அதைச் சோதித்துப் பழுது பார்க்க வேண்டிய பொறியாளர் இருந்தார், அவருக்குப் பணம் ஒதுக்க வேண்டிய அமைச்சர் இருந்தார். கொள்ளிடம் காவிரியின் வெள்ள வடிகால். வெள்ளத்தைக் கடத்திவிடத்தான் அங்கே மதகே வைத்திருக்கிறது. மணல் சங்கதியும் விளங்காத மர்மம் இல்லை. ஆற்றின் படுகை தாழத் தாழ, மதகுக்குக் கீழே விழும் தண்ணீர் அடித்தளத்தின் ஓரத்தை அரிக்கும். தூணைச் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்த மணல் போனால் தூண் நிற்க ஆதாரம் குறையும். உடைப்பை அடைக்க அன்று ராப்பகலாக அடுக்கியதும் மணல் மூட்டைகளையும் பாறாங்கற்களையும்தான்.

இன்னொன்றும் உண்டு. 2003இல் அரசு மணல் குவாரிகளைத் தன் கையில் எடுத்துப் பொதுப்பணித் துறையிடம் கொடுத்தது. அன்று மதகுகளைக் காக்க வேண்டியிருந்ததும் அதே துறைதான். ஆற்றைக் காப்பவரும் ஆற்று மணலை விற்பவரும் ஒருவரே என்று ஆன பிறகு, தவறு எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிக்க நிபுணர் குழு தேவையில்லை.

ஆட்சி மாறியும் இது மாறவில்லை. 2023இல் அமலாக்கத் துறை மணல் குவாரி வழக்கில் திருச்சி உட்பட ஐந்து மாவட்ட ஆட்சியர்களை அழைத்தபோது, தமிழக அரசு அந்தச் சம்மனை எதிர்த்து நீதிமன்றம் போனது. ஆட்சியர்கள் ஆஜராக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லவேண்டி வந்தது. மாநில உரிமை, மத்திய அமைப்பின் அரசியல் நோக்கம் என்று அங்கேயும் சிக்கல்கள் இருந்தன. அவை உண்மையான கேள்விகள்தான். ஆற்றிலிருந்து போன மணலின் கணக்கை மட்டும் அவற்றின் பின்னால் ஒளித்துவைக்க முடியாது.

சிற்றிதழ்க்காரர்களான நமக்கு இதில் கூடுதல் பொறுப்பு உண்டு. தொண்ணூறுகளிலிருந்து பன்முகப் பார்வை, ஒற்றை உண்மை கிடையாது என்றெல்லாம் தமிழில் நிறைய எழுதினோம். அதிகாரத்தின் ஒற்றைக் குரலை உடைக்க அது உதவியது. இன்று அதே பேச்சு, பக்கத்தில் நடக்கும் கொள்ளையைக் கொள்ளை என்று சொல்லாமல் நழுவுவதற்குப் பயன்படுகிறது. முழு உண்மை தெரியவில்லை என்பது சாக்காகாது: மேலணை கட்டிய காட்டனுக்கும் காவிரி முழுக்க விளங்கியிருக்கவில்லை. அணை கட்டியபின் காவிரிப் பக்கம் தண்ணீர் அதிகம் பாய்ந்து அரித்தது. சில வருடங்களிலேயே அணையின் ஒரு பகுதியைத் தாழ்த்தித் திருத்தினார்கள். முழுதும் தெரிந்தபிறகுதான் முடிவெடுப்பது என்று அவர் உட்கார்ந்திருந்தால் மேலணையே இல்லை.

முக்கொம்பில் சுமார் 387 கோடி ரூபாய்க்குப் புதிய கதவணை எழுந்துவிட்டது. 2024 ஆகஸ்ட் வெள்ளத்தில் கொள்ளிடத்துக்குள் நின்ற உயர் அழுத்த மின்கோபுரம் சாய்ந்தது. 2003 முதல் திருச்சி மாவட்டத்தில் எந்தக் குவாரியில் எவ்வளவு மணல் எடுக்கப்பட்டது, அந்தந்த இடத்தில் படுகை எத்தனை அடி இறங்கியது என்ற கணக்கை, இப்போது ஆறுகளைக் கவனிக்கும் நீர்வளத் துறை ஆண்டுவாரியாக வெளியிட வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடும் நண்பர்களே, கிடைக்கும் பதிலை எங்களுக்கு அனுப்புங்கள். ஊர்ப் பெயர், பதவிப் பெயர் எதையும் மறைக்காமல் அச்சிடுவோம்.