இரண்டு எழுத்தால் போன உயிர்!

ஒரு மருந்துக்கு இரண்டு பெயர் உண்டு. கம்பெனி வைத்த பெயர் ஒன்று. மருந்தின் சொந்தப் பெயர் இன்னொன்று. நர்சு படிப்பில் இது தொடக்கப் பாடம்.

அந்த இடத்தில் கவனம் பிசகியதால் அமெரிக்காவில் ஒரு உயிர் போயிற்று.

2017 டிசம்பர். டென்னசி மாநிலம், நாஷ்வில் நகரம். ஆஸ்பத்திரியில் 75 வயது அம்மாளுக்கு "ஸ்கேன்" எடுக்க வேண்டும். பயம் தெளிய "வெர்செட்" ஊசி போடச் சொன்னார்கள்.

மருந்து எந்திரத்தில் நர்சு "வி.இ." என்று இரண்டு எழுத்தைத் தட்டினார். எந்திரத்திலோ "மிடசோலம்" என்ற சொந்தப் பெயர்தான் இருந்தது. மருந்து வரவில்லை. தடையை விலக்கி மறுபடி தட்டினார். வந்தது "வெகுரோனியம்". அதையே ஊசியில் ஏற்றிப் போட்டுவிட்டார்.

வெகுரோனியம் தசைகளைக் கட்டிப் போடும் மருந்து. மூச்சு விடுவதும் தசைகளின் வேலைதானே! சுவாசக் கருவி இல்லாமல் அதைப் போடக் கூடாது.

வெர்செட் தண்ணீர் மருந்து. இதுவோ தூள். மூடியில் எச்சரிக்கை வேறு இருந்தது. தூளைக் கரைக்கும்போதாவது சந்தேகம் வந்திருக்கக் கூடாதா?

2022 மார்ச்சில் ஜூரிகள் அவரைக் குற்றவாளி என்றனர். மே மாதம் தண்டனை: ஜெயில் இல்லை; 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு. ஆஸ்பத்திரி மீது குற்ற வழக்கே இல்லை!

நர்சுகள் கொதித்தார்கள். தவறை ஒப்புக்கொண்டவருக்கே தண்டனை என்றால், இனி யார் வாய் திறப்பார்கள்? நியாயமான கேள்விதான்.

2024-ல் பக்கத்து மாநிலமான கென்டக்கி ஒரு சட்டம் செய்தது. சிகிச்சையில் கை தவறினால் குற்ற வழக்கு கிடையாது. படுமோசமான அலட்சியத்துக்கு மட்டும் மன்னிப்பு இல்லை.

தூளைக் கரைத்தாரே, அது எதில் சேரும்?