கசியும் தண்ணீரின் நிறம்



2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்தபோது உங்களில் பலர் வெள்ளத்தில் நின்றீர்கள். நாங்கள் பதுளையில் மலை சரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த இரவுகளில் ஒன்றில் ஹல்துமுல்லைப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து ஓர் அக்கா எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"மிஸ், கீழ அணை ஒடஞ்சிருச்சாம். போன்ல செய்தி வந்திருக்கு. நாங்க புள்ளைகள தூக்கிக்கிட்டு மலைக்கு ஏறுறோம்."

தண்ணீர் வருகிறது என்றால் மேட்டுக்கு ஓடுவதுதானே வழக்கம். "கவனமாகப் போங்கள் அக்கா" என்று நானும் சொல்லிவிட்டேன். விடிந்த பிறகுதான் மண்டையில் உறைத்தது. அந்தப் பக்கத்து அணை சமனலவெவ. அது அவர்களுடைய லயங்களுக்கு வெகு கீழே இருக்கிறது. உடைந்தாலும் அந்தத் தண்ணீர் லயத்துக்கு ஏறி வராது. அன்று இரவு அவர்களுக்கு ஆபத்தாக இருந்தது லயத்துக்குப் பின்னால் ஊறிக்கிடந்த மலைதான். அதன் மேல்தான் பிள்ளைகளோடு ஏறியிருக்கிறார்கள். நல்ல காலம், அன்று அந்தச் சரிவு அசையவில்லை. அணை உடைந்த செய்தியும் பொய்.

அந்த வெட்கத்தில்தான் அணைக்கட்டுகளைப் பற்றி விசாரித்து அறியத் தொடங்கினேன். நான் படித்தது சமூகவியல். பிழை இல்லாமல் விளங்கிக்கொண்டதை மட்டும் உங்களுக்கு எழுதுகிறேன்.

கொழும்பு - பதுளை பஸ்ஸில் போனவர்களுக்கு பெலிஹுல் ஓயா தெரியும். ஊவாவின் எல்லையைத் தாண்டி, பலாங்கொடைப் பக்கம், அந்த ஆற்றையும் வளவ கங்கையையும் மறித்துக் கட்டியதுதான் சமனலவெவ. கல்லாலும் களிமண்ணாலும் கட்டிய, ஏறத்தாழ நூறு மீற்றர் உயரமான அணை. மின்நிலையம் 120 மெகாவாட். 1992இல் வேலை முடிந்தது. அதே வருடம் ஒக்டோபரில், அணைக்கு வலது பக்கத்து மலையிலிருந்து தண்ணீர் பீறிட்டு வெளியே வந்தது.

அணை உடையவில்லை. பக்கத்து மலைக்குள் இருப்பது சுண்ணாம்புக் கல். தண்ணீர் பட்டுப் பட்டுக் கரைந்து பொந்து விழும் கல் அது. அந்தப் பொந்துகளின் வழியாக நீர்த்தேக்கத்துத் தண்ணீர் வெளியேறியது. மலைக்குள் சுரங்கம் வெட்டி, சீமெந்துக் கரைசலைச் செலுத்தி முன்னரே அடைத்துத்தான் இருந்தார்கள். அது போதவில்லை. 1998இல் மிதவைப் படகுகளில் மண்ணை ஏற்றிப் போய் நீர்த்தேக்கத்தின் அடியில் கொட்டினார்கள். கசிவு குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. பின்னாளிலும் வினாடிக்குச் சுமார் 2,000 லீற்றர் அளவில் வந்தது. தண்ணீர் பவுசர் ஒன்று சில வினாடிகளில் நிறைந்துவிடும். அது வீணாகவும் போவதில்லை, கீழே கல்தொட்ட வயல்களுக்குப் பாய்கிறது.

ஓட்டை இருக்கிற அணையை எப்படிப் பாவிக்கிறார்கள் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அளந்து அளந்துதான். கசியும் தண்ணீரை ஒரு வாய்க்காலுக்கு எடுத்து, குறுக்கே முக்கோணமாக வெட்டிய தகடு ஒன்றை வைத்து அளவு பார்ப்பார்கள். கட்டுக்குள்ளும் கரைக்குள்ளும் இறக்கிய குழாய்களில் நீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பார்கள். முக்கியமாகத் தண்ணீரின் நிறத்தைப் பார்ப்பார்கள். தெளிவாக வந்தால் தண்ணீர் மட்டும் வருகிறது. கலங்கி வந்தால் உள்ளிருக்கும் மண்ணையும் அரித்துக்கொண்டு வருகிறது, உள்ளே ஓட்டை பெரிதாகிறது என்று அர்த்தம். அளவு கூடாமல் தெளிந்து வரும் கசிவோடு ஓர் அணை பல வருடங்கள் நிற்கலாம். சிறு கசிவு என்றாலும் கலங்கினால் விட்டுவைக்க முடியாது.

அமெரிக்காவில் டீட்டன் என்ற அணை இப்படித்தான் போனது. 1976 ஜூன் 5ஆம் திகதி காலையில் கலங்கல் கசிவைக் கண்டார்கள். நண்பகலுக்குள் அணை உடைந்துவிட்டது. பகல் நேரம், கீழே இருந்தவர்களுக்குச் சொல்ல முடிந்தது. பெரிய அழிவு நடந்தும் இறந்தவர்கள் 11 பேர்தான். திருகோணமலை மாவட்டத்துச் சகோதரிகளுக்கு நான் கந்தளாயைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. 1986 ஏப்ரல் 20, அதிகாலை 3 மணியளவில் குளக்கட்டு உடைந்தது. சனம் நித்திரையில் இருந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். உலக வங்கிக் கடனில் பழைய பெரிய அணைகளைத் திருத்தும் திட்டம் ஒன்று தொடங்க 2008 ஆகிவிட்டது.

இதையெல்லாம் தோட்டத்துப் பெண்கள் சங்கக் கூட்டத்தில் சொன்னேன். பின்வரிசையில் ஓர் அக்கா சிரித்தார். 1977 கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு வன்னிக்குப் போய், இரணைமடுவுக்குக் கீழே இருந்து, யுத்தம் முடிந்து எல்லாவற்றையும் இழந்து திரும்பி வந்தவர்.

"இது எங்களுக்குத் தெரிஞ்ச விசயம்தான் மிஸ். குளத்துக் கட்டுல பொந்து, கறையான் புத்து கண்டா கமக்காரர் அமைப்புக்குச் சொல்லுவோம். கட்டுல பெரிய மரம் வளர விடமாட்டோம். வேர் செத்தா அந்த வழியா தண்ணி போகும். கட்டுக்குப் பின்னால புதுசா ஈரம் கண்டா பெரியவங்க போய் கையில மண்ணை எடுத்துப் பார்ப்பாங்க."

நான் புத்தகத்தில் தேடியதை அவர் முப்பது வருடம் குளத்தடியில் வாழ்ந்து படித்திருக்கிறார்!

பிறகு அவரே கேட்டார். "இங்க லயத்துக்குப் பின்னால ஊத்து வருதே, அதையும் இப்படிப் பார்க்கலாமா?"

பார்க்கலாம். பார்க்கத்தான் வேண்டும். மலைச்சரிவில் திடீரென்று புது ஊற்று வருவது, இருக்கிற ஊற்று கலங்குவது அல்லது சட்டென்று நின்றுபோவது, நிலத்திலும் சுவரிலும் வெடிப்பு, மரம் சாய்வது எல்லாம் மண்சரிவுக்கு முன் தெரியக்கூடிய அறிகுறிகள். அப்படிக் கண்டால் அந்தச் சரிவை விட்டுப் பக்கவாட்டில் விலக வேண்டும், அதன் மேலே ஏறக் கூடாது. கொஸ்லந்தை மீரியபெத்தயில் 2014 ஒக்டோபர் 29 காலை லயங்கள் மண்ணுக்குள் போயின. இடம்பெயரும்படி முன்னரே சொல்லியிருந்ததாக அதிகாரிகள் சொன்னார்கள். எங்கே போவது, யாருடைய காணிக்குப் போவது என்பதைத் தோட்டத்து மக்களுக்கு யார் சொன்னார்கள்? உங்களில் இடம்பெயர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எச்சரிக்கைத் துண்டுப்பிரசுரம் கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். சிங்களத்தில் கட்டுக்கட்டாக இருந்தது. தமிழில் "முடிந்துவிட்டது" என்றார்கள். மூன்று தடவை போன பிறகு ஒரேயொரு பிரதி கிடைத்தது. அதைப் போட்டோப் பிரதி எடுத்து லயங்களில் ஒட்டினோம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117. அதையும் பெரிதாக எழுதி ஒட்டினோம். அணை, மலை எதைப் பற்றிச் செய்தி வந்தாலும் முதலில் அங்கே கேட்கலாம்.

ஊற்றைப் பார்க்கும் பொறுப்பை வன்னி அக்காவே எடுத்துக்கொண்டார். காலையில் கொழுந்துக்குப் போகுமுன் ஊற்றடியில் ஒரு வாளியை வைத்து, அது நிறையும்வரை எண்ணுகிறார். ஒரு வெள்ளைப் போத்தலில் கொஞ்சம் தண்ணீர் பிடித்து வெளிச்சத்தில் பார்க்கிறார். பேத்தியின் பழைய கொப்பியில் திகதி போட்டு எழுதுகிறார். மழை பிடித்தால் மாலையிலும் பார்க்கிறார்.

நேற்றும் தொலைபேசி எடுத்தார். "நாப்பத்தெட்டு எண்ணுறதுக்குள்ள நெறஞ்சிச்சு மிஸ். போன கிழமை அம்பத்தி மூணு. தண்ணி தெளிவாத்தான் இருக்கு. ஆனாலும் நாளைக்குத் திரும்ப எண்ணிட்டுச் சொல்றேன்."