டிக்கெட் போட்டாச்சு, அதனால மலை ஏறியே ஆகணுமா?

மலையேற்றம் பற்றி நம்ம ஊரில் இரண்டே கட்சிதான். ஒன்று, "கொழுப்பெடுத்துப் போனா அப்படித்தான்" கட்சி. இன்னொன்று, "ரிஸ்க் எடுக்காம என்ன வாழ்க்கை" கட்சி. குரங்கணியில் தீப்பிடித்தபோது முதல் கட்சி ஆட்சிக்கு வந்தது. மற்ற நாளெல்லாம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இரண்டாவது கட்சியின் ஆட்சிதான். இரண்டு பேரும் பேசாத ஒரு விஷயம் இருக்கிறது. பணம்!

பி.காம் படிக்கிறவனுக்கு மலையைப் பற்றி என்ன தெரியும், அதுவும் சென்னீர்குப்பத்தில் உட்கார்ந்துகொண்டு என்று கேட்கலாம். நியாயம்தான். எங்க ஏரியாவில் உயரமான இடம் என்றால் அவுட்டர் ரிங் ரோடு மேம்பாலம்தான் :-) ஆனால் இந்த விஷயத்துக்கு பி.காம் போதும்.

எங்கள் பாடத்தில் சங்க் காஸ்ட் என்று ஒன்று வரும். மூழ்கிப்போன செலவு. ஏற்கெனவே கொடுத்துவிட்டோம், இனி என்ன செய்தாலும் திரும்பி வராது. அடுத்த முடிவை எடுக்கும்போது அதைக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது என்பது விதி. படம் படு மொக்கை என்று இடைவேளையிலேயே தெரிந்தும், காசு கொடுத்தாச்சே என்று கடைசி வரை உட்கார்ந்திருப்போமே, அந்த வியாதிதான். தியேட்டரில் அதனால் ஒன்றேகால் மணி நேரம் போகும். மலையில்?

எவரெஸ்டையே எடுத்துக்கொள்வோம். 1996 மே 10. நியூசிலாந்துக்காரர் ராப் ஹால் ஆளுக்கு 65,000 டாலர் வாங்கிக்கொண்டு ஒரு குழுவைக் கூட்டிப் போனார். எங்கே இருந்தாலும் மதியம் 1 மணி, மிஞ்சினால் 2 மணிக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது பேச்சு. குழுவில் டக் ஹேன்சன் என்று ஒரு தபால் ஊழியர். 1995லேயே வந்து, உச்சிக்குப் பக்கத்தில் போய்த் திரும்பியவர். இந்த முறை உச்சியைத் தொட்டார், ஆனால் மாலை 4 மணி வாக்கில். இருவருமே உயிரோடு இறங்கவில்லை. அந்தப் புயலில் மொத்தம் 8 பேர் இறந்தார்கள். அதில் மூன்று பேர் திபெத் பக்கமிருந்து ஏறிய நம்முடைய இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை வீரர்கள். ஹாலுக்கு அனுபவமா இல்லை? அதற்கு முன்பே நான்கு முறை எவரெஸ்ட் ஏறியவர். இத்தனை பணம், இத்தனை வருஷக் கனவு, இதோ உச்சி என்று நிற்கும்போது "திரும்பு" என்று சொல்ல எந்த அனுபவசாலிக்கும் நாக்கு வராது.

நம்ம வெள்ளியங்கிரியில் 65,000 டாலர் எல்லாம் இல்லை, மூங்கில் கம்பு போதும். ஆனால் வியாதி அதேதான். ஆறாவது மலை வரை வந்துவிட்டு ஏழாவதை விடுவதா என்று, நெஞ்சு அடைத்தாலும் ஏறுகிறவர்கள் உண்டு. 2024 பருவத்தில் அங்கே மூச்சுத் திணறியும் நெஞ்சு வலித்தும் இறந்தவர்கள் பலர். தூக்கமில்லாமல் ராத்திரி பஸ்ஸில் வந்து நேராக ஏற ஆரம்பிக்கிற உடம்பு, "முடியலடா" என்று சொன்னால் கேட்கத்தான் வேண்டும். கேட்க விடாதது பக்தி மட்டும் இல்லை, பஸ் டிக்கெட்டும்தான்.

குரங்கணிக்கு வருவோம். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்து ஒரு குழு, ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்து இன்னொரு குழு. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அனுமதி எந்த வழிக்கு, அவர்கள் போனது எந்த வழி என்றெல்லாம் அப்போது நிறையப் பேசினோம். நான் கேட்பது வேறு. ஏன் மார்ச்? மலைச்சரிவில் புல்லெல்லாம் காய்ந்து கிடக்கும் மாதம். சரிவில் தீ மேல்நோக்கி ஓடும். கீழே எரிகிற தீ மேலே இருக்கிற புல்லை முன்கூட்டியே சூடாக்கி வைத்துவிடுவதால், மனிதன் ஏறும் வேகத்தைவிடத் தீயின் வேகம் அதிகம். இது வனத்துறைக்கும் தெரியும், அடிவாரத்தில் மாடு மேய்ப்பவருக்கும் தெரியும். தெரியாதது நம்ம லீவு காலண்டருக்குத்தான். போனவர்களைத் திட்டி என்ன பிரயோசனம்? தேதியை மலை முடிவு செய்யாமல் வீக்கெண்ட் முடிவு செய்கிற வியாபாரத்தை அல்லவா திட்ட வேண்டும்.

ஆல்ப்ஸில் பனிச்சறுக்குக் கட்டைகளோடு தானே மலை ஏறி, தானே சறுக்கி இறங்குகிற கூட்டம் ஒன்று உண்டு. அங்கே பருவம் முழுக்கப் பனிச்சரிவு அபாயத்தை 1 முதல் 5 வரை எண் போட்டு அறிவிக்கிறார்கள். எண் ஏறினால் இடத்தை மாற்று, இல்லை வீட்டில் இரு. நமக்கும் இதுபோல இல்லாமல் இல்லை. டேராடூனில் இருக்கிற இந்திய வன அளவை நிறுவனம் செயற்கைக்கோள் வழியாகக் காட்டுத்தீ எச்சரிக்கை தருகிறது. மழைக்கு வானிலை மையம் இருக்கிறது. ஆனால் பணம் கட்டிய பிறகு அதை யார் பார்க்கிறார்கள்?

என் நண்பன் ஒருவனுக்குப் பயணத்துக்கு முந்தின நாள் காய்ச்சல். பணத்தைத் திருப்பித் தர முடியுமா என்று கேட்டான். "நோ ரீஃபண்ட் ப்ரோ, வேணும்னா வேற ஆளை அனுப்புங்க" என்று பதில் வந்தது. டோலோ ஒன்றைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான். நல்லபடியாகத் திரும்பியும் வந்தான். அதுதான் பிரச்னையே. அடுத்த முறையும் டோலோ போட்டுக்கொண்டு போவான்.

"வேன் அட்வான்ஸ், சாப்பாட்டு செலவெல்லாம் நாங்க எப்படி ஏத்துக்கறது?" என்று நடத்துகிறவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி, கணக்குப் போடுவோம். 20 பேர், ஆளுக்கு 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரத்தானால் கையை விட்டுப் போவது 15,000 என்றால் ஆளுக்கு 750. பத்துப் பயணத்தில் ஒன்று ரத்தாகும் என்றால், ஒவ்வொரு பயணத்திலும் ஆளுக்கு 75 ரூபாய் கூட வாங்கித் தனியாக வைத்தால் போதும். ஒரு பிரியாணி விலைகூட இல்லை. இன்சூரன்ஸ் என்பது இவ்வளவுதானே!

தடை போடுவது தீர்வு இல்லை. தடை போட்டால் சொல்லாமல் போவார்கள், வழிகாட்டி இல்லாமல் போவார்கள். 2024 அக்டோபரில் அரசே 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளை ஆன்லைன் பதிவோடு திறந்தது. தீப்பருவம் என்று 2025 பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடியும் வைத்தது. சிலர் புலம்பினார்கள். எனக்கு அதுதான் அந்தத் திட்டத்திலேயே பிடித்த விஷயம். மலையின் காலண்டரை ஒருவராவது மதித்தார்களே.

அதனால் மக்களே, செமஸ்டர் முடிந்ததும் எவனாவது போஸ்டரை அனுப்பி "மச்சி, ரெண்டே சீட்டுதான் இருக்கு" என்றால் இரண்டு கேள்வி கேளுங்கள். மழை, தீ, காய்ச்சல் என்றால் என் பணம் என்ன ஆகும்? உச்சிக்குப் போனாலும் போகாவிட்டாலும் எத்தனை மணிக்குத் திரும்புவோம்? இரண்டுக்கும் தெளிவான பதில் வராவிட்டால் ஜிபே பண்ணாதீர்கள். பத்துப் பேர் பண்ணாமல் இருந்து பாருங்கள், பதினொன்றாவது ஆளுக்குப் பதில் வரும்.