தோம்பும் கமெராவும்

மட்டக்குளியில், களனி கங்கை கடலோடு கலக்குமிடத்திற்கு அண்மையில், காக்கைதீவுக் கடற்கரை உளது. மாலை வேளைகளில் அங்கு உலாவச் செல்வது நமது வழக்கம். சென்ற வாரம் அவ்வாறு சென்றவிடத்து, நம்மிடம் பயிலும் மாணவர் ஒருவர் எதிர்ப்பட்டார். தமது கைத்தொலைபேசியிலே ஒரு சலனப்படத்தைக் காட்டி, “சேர், இதிலே ஆட்களே இல்லை, கதையும் இல்லை. இதை வெனிஸ் நகரத்துப் பெரிய கண்காட்சியில் வைத்தார்களாம். இதுவும் ஒரு கலையா?” என்று வினவினார்.

நாமும் பார்த்தோம். பட்டப்பகல். அகன்ற வீதிகள், உயர்ந்த மாடங்கள், மேம்பாலங்கள். ஆளில்லா விமானமொன்றில் பொருத்திய கமெரா வீதிகளின் மேலாக ஆறுதலாகப் பறந்து செல்கின்றது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு மனிதர் இல்லை. ஓடும் வாகனம் ஒன்றும் இல்லை. வாசகர்களுள் எவரேனும் இதனைக் கண்டால், 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது தம் வீட்டு யன்னலூடாகக் கண்ட கொழும்பு வீதிகளையே நினைவு கொள்வர்.

ஆனால், அந்நகரம் தாய்வானின் தலைநகராகிய தைப்பே. அங்கு அன்று நோயுமில்லை, போருமில்லை. அண்டையிலுள்ள பெருநாடு வான்வழியே தாக்கக்கூடும் என்னும் அச்சத்தால், 1978 முதல் ஆண்டுதோறும் நடத்தப்பட்டு வந்த ஒத்திகை அது. அபாயச் சங்கு ஒலித்ததும் மக்கள் யாவரும் ஒதுங்கிவிடவேண்டும், வாகனங்கள் நின்றுவிடவேண்டும். அரைமணி நேரம் நகரம் வெறிச்சோடிக் கிடக்கும். யுவான் குவாங்-மிங் என்னும் கலைஞர் அந்த அரைமணியைப் பயன்படுத்தி 2018இல் இப்படத்தை ஆக்கினார். 2024ஆம் ஆண்டு வெனிஸ் கண்காட்சியில் இஃது இடம்பெற்றது. வேவு பார்க்கவும் குண்டு வீசவும் பயன்படும் கருவியைக் கொண்டே, போரின் அச்சம் ஒரு நகரத்தின் அன்றாட வாழ்விற் புகுந்திருக்கும் வகையை அவர் காட்டிவிட்டார்.

மாணவரின் வினாவுக்குக் கடற்கரையில் நின்று ஒரு வார்த்தையில் விடை கூறல் இயலாதாயிற்று. ஆகையால் இவ்வாரம் அதனையே எழுதப் புகுந்தோம்.

தாய்வானுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு பழையது. ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனி 1624இல் அத்தீவின் தென்மேற்குக் கரையிற் காலூன்றிக் கோட்டை கட்டியது. அதே கம்பனிதான் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியது. தாய்வானை அக்கம்பனி 1662இல் இழந்தது. நமது கரையோரத்தையோ 1796 வரை ஆண்டது. ஆண்ட இடமெல்லாம் அது கைக்கொண்ட வழக்கம் ஒன்றுண்டு. அது கணக்கெடுத்தல். தாய்வானிலே பழங்குடியினரின் கிராமந்தோறும் எத்தனை வீடு, எத்தனை உயிர் என்று எழுதி வைத்தது. இங்கே தோம்பு எழுதியது.

தோம்பு என்பது போர்த்துக்கேயர் வழியாக நம்மொழியிற் புகுந்த சொல். அவர்கள் தொடக்கிய காணிப் பதிவேட்டினை ஒல்லாந்தர் விரிவாக்கினர். குடும்பத்தவரின் பெயர்களை ஓர் ஏட்டிலும், அவர்தம் காணிகளை மற்றோர் ஏட்டிலும் பதிந்தனர். தென்னை எத்தனை, பலா எத்தனை, கமுகு எத்தனை என்று பயன்தரு மரங்களையும் எண்ணினர். பாடசாலைத் தோம்பிலே ஞானஸ்நானமும் விவாகமும் பதியப்பட்டன. அங்கு பெயர் ஏறாதவருக்கு விவாகமும் முதுசமும் சட்டத்தின் முன் நிலைபெறுவது அரிதாயிற்று. ஆகவே, வீட்டிலே முருகனை வழிபட்ட நம் முன்னோருட் பலர் ஏட்டிலே கிறிஸ்தவராய் நின்றனர். அத்தோம்புகள் பல இன்றும் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்திற் பேணப்படுகின்றன. இன்னார் இவ்வளவு காணிக்கு உடையவர் என்று அவை கூறும். அவர் எவ்வாறு வாழ்ந்தார், எதற்கு அஞ்சினார் என்பதை அவை கூறா.

பதிவேடு எழுதுவோரின் கை மாறினும் பதிவேடு மறைவதில்லை. 1895இல் தாய்வானைத் தனதாக்கிய ஜப்பான், பத்து வீடுகளை ஒரு தொகுதியாக்கி, ஒரு வீட்டார் பிழை செய்யின் மற்றையோரும் பொறுப்பேற்கவேண்டும் என்னும் முறையை 1898இல் விதித்தது. 1905இல் அங்கு விரிவான குடிசன மதிப்பும் எடுக்கப்பட்டது. இலங்கையிலே ஆங்கிலேயர் 1871இலேயே அதனைத் தொடங்கிவிட்டனர். பின்னர் 1949 முதல் 1987 வரை, முப்பத்தெட்டு ஆண்டுகள், தாய்வான் இராணுவச் சட்டத்தின்கீழ் இருந்தது. பல்லாயிரவர் சிறைப்பட்டனர். வாய்திறந்து பேச அஞ்சிய ஒரு தலைமுறை வளர்ந்தது. அச்சட்டம் நீங்கிய பின்னர், அங்குள்ள கலைஞர்கள் கமெராவையும் கணினியையும் கையிலெடுத்துப் பழைய ஏடுகள் எழுதாமல் விட்டவற்றைத் தேடலாயினர்.

அவர்களுள் ஒருவர் சென் சியே-ஜென். 2003இல் இவர் ஆக்கிய ‘தொழிற்சாலை’ என்னும் படம், ஆடைத் தொழிலில் ஒருவரையேனும் கொண்ட கொழும்புக் குடும்பங்கள் யாவும் அறியத்தக்கது. தாய்வானில் ஓர் ஆடைத் தொழிற்சாலை 1990ஆம் ஆண்டுகளில் மூடப்பட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அங்கு தைத்த பெண்களுக்கு ஓய்வூதியமும் இழப்பீடும் கொடுக்கப்படவில்லை. சென் அப்பெண்களை மீண்டும் அதே பாழடைந்த கட்டடத்துக்கு அழைத்துச் சென்றார். அவர்கள் பேச விரும்பவில்லை. ஆகவே, படத்தில் ஒலியே இல்லை. தூசி படிந்த கதிரைகளுக்கிடையே முதிர்ந்த பெண்ணொருவர் ஊசியில் நூல் கோக்க முயல்கிறார். கண் மங்கியமையால் நூல் தவறுகிறது. இடையிடையே, ஆடைத் தொழிலாற் நாடு செழிக்கிறது என்று பறைசாற்றிய 1960ஆம் ஆண்டுகளின் அரசாங்கச் செய்திப்படங்கள் வருகின்றன. செய்திப்படத்திலே அப்பெண்கள் உற்பத்தியின் கணக்கு. சென்னின் படத்திலே அவர்களுக்கு முகமும் முதுமையும் உள.

ஷூ லீ சியாங் என்னும் பெண் கலைஞரோ, 2019ஆம் ஆண்டு வெனிஸ் கண்காட்சியிலே, முற்காலத்திற் சிறைச்சாலையாயிருந்த ஒரு மாளிகையைத் தமது களமாக்கினார். மூன்று மீற்றர் நீளம், மூன்று மீற்றர் அகலம், ஆறு கமெராக்கள் — இக்காலத்துச் சிறைக்கூடத்தின் இவ்வளவையே தலைப்பாக்கினார். நெறிபிறழ்ந்தோர் என்று வெவ்வேறு காலங்களில் அடைக்கப்பட்ட பத்துப் பேரின் கதைகள் அங்கு திரையிற் சுழன்றன. பார்க்க வந்தவரின் முகங்களையும் கமெராக்கள் பிடித்துக்கொண்டன. பிறர் சிறைப்பட்ட கதையைக் காணப் போனவர், தாமும் காணப்படுகிறோம் என்று உணர்ந்தே திரும்பினார்.

இவையெல்லாம் தூரதேசத்துச் செய்தி என்று எண்ணிவிடலாகாது. மலையகத் தோட்டங்களிலே ‘செக்ரோல்’ என்றொரு பதிவேடு உண்டு. நாளாந்தம் வேலைக்கு வந்தோரின் பெயரை அதிற் பதிவர். ஒரு நாட் சம்பளத்திற்கே ‘பேர்’ என்று பெயர். பறித்த கொழுந்து குறைந்தால் ‘அரைப் பேர்’. நாள்தோறும் தவறாது பெயர் எழுதப்பட்ட அம்மக்கள், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தந்தையின் பிறப்புக்கோ அவர்க்கு முந்திய தலைமுறையினரின் பிறப்புக்கோ ஆதாரம் கேட்டபோது, காட்டுவதற்குப் பத்திரமின்றி நாடற்றோராயினர். உழைப்பை எண்ணிய ஏடு இருந்தது. உரிமையை எண்ணிய ஏட்டிலே அவர்களுக்கு இடமில்லாமற் போயிற்று.

கொழும்பிலும் ஒரு காலம் இருந்தது. போர்க்காலத்திலே வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, மட்டக்குளி வாழ் தமிழ்க் குடும்பங்கள், வீட்டில் தங்குவோரின் பெயர், பிறந்த ஊர், வந்த காரணம் ஆகியவற்றை எழுதிப் பதிந்து வைக்கவேண்டியிருந்தது. 2007ஆம் ஆண்டு யூன் மாதம் 7ஆம் திகதி, விடுதிகளிற் தங்கியிருந்த 370 இற்கு மேற்பட்ட தமிழர் விடியுமுன்னே எழுப்பப்பட்டு, பஸ்களில் ஏற்றப்பட்டு நகரத்தினின்றும் அகற்றப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்து இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. அன்று விருந்தினர் வீட்டுக்கு வந்தால் முதலிற் தேடியது தேநீர்க் கோப்பையை அன்று, பதிவுத் தாளையே என்பதைப் பெற்றோர் பலர் மறந்திரார். இன்றைய மாணவர்கள் அதனை அறியார்.

இத்தகைய ஏடுகளுக்கு எதிராக நம்மவர் ஒருவர் தாமே ஒரு தோம்பு எழுதினார். அவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே கலை வரலாறு கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன். ‘முற்றுப்பெறாத தோம்பு’ எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயருடன் 2011இல் வெளிவந்தது அவரது நூல். போரினால் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த தமிழரும் முஸ்லிம்களுமாக 80 பேரிடம் அவர் ஒரு வேண்டுகோள் விடுத்தார்: விட்டுவந்த வீட்டின் படத்தை நினைவிலிருந்து வரைந்து தாருங்கள் என்பதே அது. அவர்கள் நடுங்கும் கோடுகளால் வரைந்தனர். அதனைக் கட்டடக் கலைஞர் ஒருவர் அளவுகோலுக்கு அமைய மீள வரைந்தார். மூன்றாவதாக, அவ்வீட்டின் நினைவைச் சனாதனன் தாமே ஓவியமாகத் தீட்டினார். ஒரே வீடு மூன்று முறை எழுதப்பட்டது. இந்நூலுக்கு மின்சாரமும் வேண்டுவதில்லை, திரையும் வேண்டுவதில்லை. எனினும், தாய்வான் கலைஞர் கமெராவைக் கொண்டு செய்ததையே இவர் பென்சிலைக் கொண்டு செய்தார். ஆள்வோர் மக்களை எண்ணுதற்கு ஆக்கிய வடிவத்தை எடுத்து, அம்மக்கள் தம் இழப்பை எண்ணும் வடிவமாக்கினார். மாணவரின் வினாவுக்கு நமது விடையும் இதுவே: அவ்வாறு செய்தல் கலைதான்.

பதிவேடும் கமெராவும் தீயன என்று நாம் கூறவில்லை. 2022இல் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். கியூ.ஆர். குறியீடு வந்த பின்னரே அவ்வரிசைக்கு ஓர் ஒழுங்கு பிறந்தது. பதிவு இல்லையேல் தடுப்பூசி இல்லை, பாடசாலை அனுமதி இல்லை, காணிக்கு உரித்தும் இல்லை. ஏட்டிற் பெயரில்லாதாரின் துன்பத்தை மலையகம் காட்டிற்று. ஏட்டிற் பெயரிருந்தாரின் துன்பத்தைக் கொழும்பு காட்டிற்று. ஆதலால், ஒரு கருவி புதிதாக வரும்போது அதன் விரைவை வியப்பதோடு நில்லாமல், யார் எழுதுகிறார், எதை எழுதாமல் விடுகிறார், எழுதியதை யார் படிப்பார் என்னும் மூன்று வினாக்களையும் கேட்கப் பழகவேண்டும். நமது நகரத்துச் சந்திகளிலும் கமெராக்கள் பெருகிவரும் இந்நாளில், மாணவர்கள் இவற்றைக் கேட்பது அவசியமாகும்.

இவ்வாறு எழுதியதன் பின், சனாதனனின் வேண்டுகோளை நம் வீட்டிலும் சோதித்துப் பார்க்க எண்ணினோம். வலிகாமம் வடக்கில் 1990இல் நாம் விட்டுவந்த வீட்டினை வரையுமாறு நம் அன்னையாரிடம் தாளும் பென்சிலும் கொடுத்தோம். “எனக்கு எங்கே மோனை படம் கீற வரும்?” என்று மறுத்தவர், சற்று நேரத்தில் முதலிற் கிணற்றை வரைந்தார். பின்பு குசினி, விறாந்தை, முற்றம், வேலியோரத்து முருங்கை என்று ஒவ்வொன்றாய் வந்தன. அவர் கிணற்றைக் கிழக்கே வரைந்தார். அவ்வீட்டிற் பத்து வயதுவரை வளர்ந்த நமக்கோ அது மேற்கே இருந்ததாக நினைவு. வாதம் முற்றவே, பெட்டியிலிருந்த காணி உறுதியை எடுத்துப் பார்த்தோம். நான்கு எல்லைகளும் பரப்புக் கணக்கும் செவ்வையாக எழுதப்பட்டிருந்தன. ‘வீடும் கிணறும்’ என்றும் இருந்தது. கிணறு எத்திசையில் என்று எழுதப்படவில்லை.

காக்கைதீவில் நம்மைச் சந்தித்த மாணவருக்கும் இதையே வீட்டுவேலையாகக் கொடுத்தோம். அவருடைய பாட்டியார் பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்தவர். “பாட்டி இருந்தது ஒரு லயத்துக் காம்பரா, சேர். அதில் வரைவதற்கு என்ன இருக்கிறது?” என்று கேட்டுக்கொண்டே போனார். நேற்று வந்து, ஒரு தாள் போதவில்லை, இரண்டாவது தாளை ஒட்டவேண்டியதாயிற்று என்று கூறினார். அந்த ஒற்றை அறையில் ஒன்பது பேர் எவ்வாறு படுத்துறங்கினர் என்பதைப் பாட்டியார் ஒவ்வொருவரின் பெயரையும் எழுதுவித்துக் காட்டியிருந்தார்.

வாசகர்களும் இவ்வாரம் தத்தம் வீட்டு முதியோரிடம் ஒரு தாளைக் கொடுத்துப் பார்ப்பார்களாக.