அறுபது நாட்களுக்குள் அறியப்பட வேண்டிய அபாயம்

பச்சிளங் குழந்தையின் உடலில் மஞ்சள் நிறம் தென்பட்டால் எமது வீடுகளில் எவரும் பெரிதாகப் பதற்றமடைவதில்லை. இளவெயிலில் சிறிது நேரம் கிடத்தினால் போதுமென மூத்தோர் கூறுவர். செங்கண்மாரி எனக் கருதிக் கீழ்க்காய்நெல்லியை நாடுவோரும் உளர். பிறந்து இரண்டு, மூன்று நாட்களில் தோன்றும் சாதாரண மஞ்சள் நிறம் பெரும்பாலான பிள்ளைகளில் இரு வாரங்களுக்குள் மறைந்துவிடுகின்றது என்பது உண்மையே. ஆனால் பதினைந்தாம் நாளிலும் அது மறையாதிருப்பின், எமது நிதானமே பிள்ளையின் உயிருக்கு உலை வைத்துவிடக்கூடும்.

அத்தகைய அபாயங்களுள் ஒன்று பித்தநாள அடைப்பு எனப்படும் அரிய பிறவிக் குறைபாடாகும். ஈரலில் சுரக்கும் பித்தம் குடலைச் சென்றடையும் நாளங்கள் இக்குழந்தைகளில் தழும்பேறி அடைபட்டுவிடுகின்றன. தேங்கிய பித்தம் ஈரலையே அரிக்கத் தொடங்குகின்றது. சிகிச்சையின்றேல் இப்பிள்ளைகளுள் பெரும்பாலானோர் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. ஐரோப்பாவில் ஏறத்தாழ 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் இது காணப்படுகின்றது. தாய்வானில் இதனிலும் அதிகமாகும். இதற்கான காரணம் இன்னமும் முழுமையாக அறியப்படவில்லை. எனினும் இது தாயின் உணவாலோ நடத்தையாலோ நேர்வதன்று என்பதை எமது சமூகம் மனங்கொள்ள வேண்டும்.

ஜப்பானிய சத்திரசிகிச்சை நிபுணர் மோரியோ கசாய் 1950களில் இதற்கொரு வழி கண்டார். அடைபட்ட நாளங்களை அகற்றிவிட்டுச் சிறுகுடலின் ஒரு பகுதியை நேரடியாக ஈரலுடன் இணைப்பதே அச்சிகிச்சை. பிறந்து அறுபது நாட்களுக்குள் இது செய்யப்பட்டால் பித்தம் மீண்டும் ஓடுவதற்கான வாய்ப்பு அதிகம். நாட்கள் செல்லச் செல்ல அவ்வாய்ப்பு அருகி, ஈரல் மாற்றுச் சிகிச்சை ஒன்றே வழியாகிவிடுகின்றது.

இந்நோயை முதலில் காட்டிக்கொடுப்பது மலத்தின் நிறமாகும். மலத்திற்கு மஞ்சள், பச்சை, கபில நிறங்களைத் தருவது பித்தமே. அது குடலை அடையாதபோது மலம் வெண்களிபோலவோ, சாம்பல் நிறமாகவோ, வெளிறிய மஞ்சளாகவோ காணப்படும். சிறுநீரோ துணியில் கறைபடியும் அளவுக்குக் கடும் மஞ்சளாகும். பிள்ளை ஆரம்பத்தில் நன்றாகப் பால் குடித்துக் கொழுகொழுவென இருப்பதால் எவருக்கும் ஐயம் எழுவதில்லை.

தாய்வான் இதனை உணர்ந்து, மலத்தின் நிறங்களை அச்சிட்ட அட்டையொன்றை 2002இல் பரீட்சார்த்தமாகவும் 2004இல் நாடு முழுவதிலும் தாய்மாருக்கு வழங்கியது. அறுபது நாட்களுக்குள் சத்திரசிகிச்சை பெற்ற பிள்ளைகளின் விகிதம் முன்னர் 49 சதவீதமாக இருந்து, 2002-2005 காலப்பகுதியில் 66 சதவீதமாக உயர்ந்தது. ஜப்பானும் 2012இல் தாய்-சேய் கைநூலில் இவ்வட்டையைச் சேர்த்தது. புதிய இயந்திரம் எதுவுமின்றித் தாயின் கண்களாலேயே இம்மாற்றம் சாத்தியமாயிற்று என்பது குறிப்பிடத்தக்கது.

இனி எமது மண்ணுக்கு வருவோம். புளியங்குளத்திற்கும் மாங்குளத்திற்கும் இடையே ஏ-9 வீதியில் அமைந்துள்ள கனகராயன்குளத்திலிருந்து கொழும்பு சிறுவர் வைத்தியசாலை ஏறத்தாழ 300 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. 2006 ஆகஸ்டில் இவ்வீதி மூடப்பட்டபோது நோயாளியொருவரைத் தெற்கே கொண்டுசெல்வதே பெரும்பாடாக இருந்தது. இன்று வீதி திறந்திருக்கின்றது. இலவச வைத்தியசேவையும் உண்டு. ஆயினும் நோயை அறியாமல் வீட்டிலேயே கழியும் நாட்களை எந்த வீதியாலும் மீட்டுத்தர முடியாது.

இங்கு இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிறந்தவுடன் போடப்படும் தடுப்பூசிக்குப் பின்னர் எமது பிள்ளைகளுக்கான அடுத்த தடுப்பூசி இரண்டாம் மாத நிறைவிலேயே வருகின்றது. அதாவது, கிளினிக்கில் காட்டிக் கேட்போம் எனக் காத்திருக்கும் தாய் அங்கு சென்றடையும் நாளும் அறுபதாம் நாளும் ஒன்றேயாகிவிடுகின்றன. எனவே அதற்கு முன் வீடு தேடிவரும் மருத்துவமாதின் தரிசிப்புகளே உயிர்காக்கும் வாய்ப்புகளாகும். பிள்ளையின் நிறையைக் கேட்பதுபோல் மலத்தின் நிறத்தையும் கேட்பதும், இயலுமாயின் பகல் வெளிச்சத்தில் நேரில் பார்ப்பதும் அவசியம். மருத்துவமாதர் இடங்கள் வெற்றாக விடப்படும் கிராமங்களில் இவ்வாய்ப்பும் இழக்கப்படுகின்றது என்பதைச் சுகாதாரத் துறையினர் மறந்துவிடலாகாது.

கர்ப்பிணித் தாய்மாருக்கான கிளினிக்கிலேயே நிற அட்டையைக் காட்டித் தமிழில் விளக்கமளிக்க வேண்டும். இரு வாரங்களைக் கடந்த மஞ்சள் நிறமோ வெளிறிய மலமோ காணப்படும் பிள்ளையைத் தாமதமின்றி வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு அனுப்பி, இரத்தத்தில் நேரடி பிலிருபினின் அளவைத் தனியே பரிசோதிக்க வேண்டும். பாட்டிமாரும் தந்தையரும் இதனை அறிந்திருத்தல் நன்று. ஏனெனில் வைத்தியசாலைக்குப் போவதா இல்லையா என்ற முடிவு பல வீடுகளில் அவர்கள் கையிலேயே இருக்கின்றது.

அரிய நோய் என்பதால் இதனைப் புறக்கணித்துவிட முடியாது. ஆண்டுக்கு இரண்டு இலட்சம் பிள்ளைகள் பிறக்கும் நாடொன்றில் ஐரோப்பிய விகிதப்படி பார்த்தாலும் பத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை இது தாக்கும். அவற்றுள் ஒன்று எமது அயல்வீடாகவும் இருக்கலாம். பிள்ளையின் துணியை மாற்றும்போது ஒரு கணம் அதன் நிறத்தை உற்றுநோக்குவது எவருக்கும் இயலாத காரியமன்று.