கையெழுத்துப் போடாதீர்கள்!

பெருமாட்டி முதல் மறையூர், மூணாறு வரை எல்லையோரத்தில் கூலிக்கு உழைக்கும் தமிழ்க் குடும்பங்களிடம் ஒன்று கேட்கிறோம். ‘உங்கள் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நீக்கிவிட்டோம்’ என்று எழுதிய காகிதத்தை உங்களில் எத்தனை பேர் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள்? அந்தக் காகிதத்தை எழுத எவரும் துணிவதில்லை. ஆனாலும் பிள்ளைகள் வெளியே நிற்கிறார்கள்!

எப்படி நடக்கிறது இது? ஓர் இடத்தில் உட்காராமல் ஓடுகிற பிள்ளை. சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிற பிள்ளை. ஏழாம் வகுப்பு வந்தும் எழுத்துக் கூட்டத் திணறுகிற பிள்ளை. தாயை வரச் சொல்கிறார்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அவள் வந்து நிற்கிறாள். ‘இவனை வைத்துப் பாடம் நடத்த முடியவில்லை, வேறு நல்ல இடம் பாருங்கள், இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கள்’ என்கிறார்கள். அவளுக்குப் படிக்கத் தெரியாத மலையாளத்தில் இருக்கும் அந்தத் தாள் என்ன சொல்கிறது? ‘என் சொந்த விருப்பத்தின் பேரில் டி.சி. கேட்கிறேன்’ என்கிறது. தண்டனை பிள்ளைக்கு, விண்ணப்பம் தாயின் பெயரில்! குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை, தீர்ப்பு மட்டும் உண்டு. இதற்குப் பெயர் விருப்பமா?

அந்தக் கையெழுத்து எதற்குத் தேவைப்படுகிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ம் பிரிவு, தொடக்கக் கல்வி முடியும்வரை, அதாவது எட்டாம் வகுப்பு முடியும்வரை, எந்தக் குழந்தையையும் நீக்கக் கூடாது என்கிறது. 2019-ல் அதைத் திருத்தி, 5, 8 வகுப்புகளில் தேர்ச்சி பெறாதவரை நிறுத்திவைக்க வழி செய்தார்கள். அப்போதும் நீக்கக் கூடாது என்ற விதி நீடித்தது. சட்டம் பூட்டிய கதவைத் திறக்கும் சாவி உங்கள் கையெழுத்துதான்!

சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது உண்மை. ஆனால் 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் பாகுபாடின்றிச் சேர்த்து, அந்தந்தப் பிள்ளையின் தேவைக்கேற்ற வசதி செய்து தர வேண்டும் என்பது அதன் நோக்கம். நியாயமான வசதியை மறுப்பதே பாகுபாடு என்று அது சொல்கிறது. ‘40 சதவீதச் சான்றிதழ் எங்கே?’ என்று மடக்குவார்கள். அந்த அளவை எட்டாதவருக்கும் நியாயமான வசதி உண்டு என்று 2021-ல் விகாஸ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

‘பள்ளிக்கு ஒழுங்கு வேண்டாமா?’ என்று கேட்பார்கள். வேண்டும். ஆனால் ஒழுங்கு என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு பிள்ளைகளைத் துரத்த முடியாது. 1985-ல் இதே கேரளத்தில், தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றும், மத நம்பிக்கையால் பாடாதிருந்த மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. அந்த வழக்கில் அலசப்பட்ட கேரளக் கல்வி விதிகள், ‘வேண்டுமென்றே’ கீழ்ப்படியாத மாணவனைத் தண்டிப்பது பற்றிப் பேசுகின்றன. ஆட்டிசம் உள்ள பிள்ளை சத்தம் தாங்காமல் மேசையைத் தள்ளினால், அது வேண்டுமென்றே செய்ததா? இதுதான் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

அமெரிக்காவிலும் இதே கேள்வி எழுந்தது. கேலி செய்த சக மாணவனின் கழுத்தை நெரித்து, சன்னலையும் உடைத்த ஒரு மாணவனை சான்பிரான்சிஸ்கோவில் நீக்கப் பார்த்தார்கள். அவன் மனக்கொந்தளிப்புக் குறைபாடு உள்ளவன். குறைபாட்டால் விளைந்த செயலுக்காகப் பள்ளி தன்னிச்சையாக இப்படி நீக்க முடியாது என்று 1988-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. பின்னர் வந்த சட்டத் திருத்தங்கள், செயலுக்குக் காரணம் குறைபாடா, பள்ளி தர வேண்டிய உதவியைத் தராததா என்று முதலில் ஆராயச் சொல்லின. அங்கே கேட்கும் கேள்வியை இங்கே நாம் ஏன் கேட்கக் கூடாது?

மற்றப் பிள்ளைகளின் பாதுகாப்பு? அவர்களும் நம் பிள்ளைகள்தான். ஆசிரியர் நமக்கு எதிரியும் அல்ல. நிறைந்த வகுப்பில் ஒற்றை ஆளாக அவர் என்ன செய்வார்? சிறப்பு ஆசிரியர்களை ஒப்பந்தக் கூலிகளாக வைத்து, பள்ளிக்குப் பள்ளி அலையவிடுகிறது அரசு. அந்தக் குறையைத் தீர்க்க அரசிடம் போகாமல், பலவீனமான பிள்ளையின் தலையில் பழியைப் போடுவது என்ன நியாயம்?

ஆகவே தாய்மார்களே, தோழர்களே! அழைப்பு வந்தால் தனியாகப் போகாதீர்கள். படிக்கத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துப் போங்கள். குற்றச்சாட்டை எழுத்தில் கேளுங்கள். சிறப்பு ஆசிரியர் பிள்ளையை எப்போது பார்த்தார், என்ன உதவி செய்து பார்த்தீர்கள் என்று கேளுங்கள். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளையை எந்த மொழியில் சோதித்தீர்கள் என்றும் கேளுங்கள். மொழி புரியாததையும் மூளைக் குறை என்று எழுதிவிடுவார்கள்!

பதில் இல்லையென்றால், கல்வி உரிமைச் சட்டத்தின் 32-ம் பிரிவின்படி உள்ளாட்சிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். இரு தரப்பையும் விசாரித்து மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதில் நியாயம் கிடைக்காவிட்டால் மாநிலக் குழந்தைகள் உரிமை ஆணையத்துக்கு மேல்முறையீடு உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரும் இருக்கிறார். மனுவைத் தமிழிலேயே எழுதுங்கள். தமிழ்ச் சிறுபான்மைப் பகுதிகளின் அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதவும், தமிழிலேயே பதில் பெறவும் 1969-ம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் வழி செய்தது.

‘பெரிய இடத்தோடு நமக்கு எதற்கு வம்பு’ என்று ஒதுங்குவோருக்கு ஒரு வார்த்தை. 2002 ஏப்ரலில் பிளாச்சிமடையில் தண்ணீருக்காக உட்கார்ந்தவர்கள் யார்? ஆதிவாசிப் பெண்களும் கூலிக்காரர்களும்தான். எதிரே நின்றது கோகோ கோலா. 2003-ல் அதன் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது இதே பெருமாட்டிப் பஞ்சாயத்து. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. உலகக் கம்பெனிக்கு ‘இல்லை’ என்று சொன்ன மண்ணில், ஒரு தாளில் கையெழுத்திட ‘மாட்டேன்’ என்று சொல்ல நமக்கு ஏன் தயக்கம்?

நம் பிள்ளை பேசத் தெரியாதவனாக இருக்கலாம். அவனுக்காகப் பேச நாம் ஊமைகள் அல்ல!